ஏழு பழைய குண்டுகள்

அன்று மண்டி மொஹல்லா சைக்கிள் கடையில் அப்பா, கடைக்கார மாதப்பா, நான், மூன்றே பேர்தான். இன்று அங்கே செல்போன் கடை. தெருவில் எவரோ செயினுக்கு கிரீஸ் தடவ, அந்த வாசனையில் நின்றுவிட்டேன்.

அன்று மாதப்பா பின்சக்கர ஹப்பைப் பிரித்து, அச்சைச் சுற்றி உருளும் ஒன்பது இரும்புக் குண்டில் உடைந்த இரண்டைக் காட்டினார்.

"எல்லாத்தையும் மாத்தீருங்கண்ணா. பழசு தேஞ்சிருக்கு, புதுசு மட்டும் உசரமா நிக்கும், பாரம் பூரா அதும்மேலயே விழுந்து அச்சு போயிரும்."

"ரெண்டே போடு மாதப்பா. இவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டோணும்."

பிறகு தினமும் கேரியரில் உட்கார்ந்து பின்சக்கரத்தின் கறக் கறக் சத்தத்தைக் கேட்டேன். அப்பாவிடம் சொன்னால், குண்டுகளை மாற்றக் கட்டிய ஃபீஸைத் திரும்ப வாங்கிவிடுவாரோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. ஒருநாள் தனியாகப் போன அப்பா, அச்சு முறிந்து லாரிக்கு முன்னால் விழுந்தார். அதோடு நான் பள்ளிக்குப் போகவில்லை.

அன்று அப்பா கடன் சொன்ன கூலியை மாதப்பா கேட்கவே இல்லை. அந்த ஐந்து ரூபாய் இன்னும் பாக்கி.