உப்புக் கரித்த குல்ஃபி

குல்ஃபிக்காரரிடம் ஒரு குல்ஃபி கேட்டால் கூடவே ஒரு பிரசங்கமும் வரும்.

"குல்ஃபின்னா என்னன்னு தெரியுமா? பாரசீகத்துல மூடி போட்ட குவளைன்னு அர்த்தம். பூட்டுக்கு அவங்க சொல்ற வார்த்தையிலேர்ந்து வந்தது. பாலுக்கு வெச்ச பேர் இல்லீங்க, மூடிக்கு வெச்ச பேரு!"

அவர் முடிப்பதற்குள் கேட்டவர் கையில் பாதி உருகியிருக்கும்.

மனிதர் வெறும் வாய்ச்சொல் வீரர் அல்ல. சுண்டக் காய்ச்சிய பாலைத் தகரக் குவளையில் ஊற்றி, மூடியைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி மைதா மாவை அப்பி அடைப்பார். பிறகுதான் அது உப்புப் போட்ட ஐஸ் பானைக்குள் இறங்கும். மாவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு குவளை கெட்டதில்லை. "என்னைவிட அந்த மூடியைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கார்" என்று அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய அந்த வாய்தான் இப்போது அடங்கிக் கிடந்தது. காய்ச்சல் விட்டும் நாக்கில் ருசி திரும்பவில்லை. கஞ்சி, ரொட்டி, பழம், எதைக் கொடுத்தாலும் மண் என்று தட்டைத் தள்ளினாள். உடம்பு பாதியாகிவிட்டது. ருசி தானாக வரும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. இப்படியே சாப்பிடாமல் போய்விடுவாளோ என்று குல்ஃபிக்காரருக்குப் பயம் வந்துவிட்டது.

அன்று அவர் கடை போடவில்லை. அவளுக்கென்றே ஒரு குவளை, ஏலக்காய் தாராளமாகப் போட்டு. மூடியைப் பொருத்தும்போது உள்ளறையில் இருமல் கேட்டது. ஓடிப்போய் முதுகைத் தடவினார், தண்ணீர் கொடுத்தார், வந்த வேகத்தில் குவளையைப் பானையில் இறக்கிவிட்டார். பிசைந்த மாவு பலகை மேலேயே இருந்தது.

குல்ஃபி கொஞ்சம் குழைவாகத்தான் வந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. அவளைச் சாய்த்து உட்காரவைத்து ஒரு ஸ்பூன் ஊட்டினார். அவள் முகம் அஷ்டகோணலானது.

"த்தூ! என்னங்க இது, உப்புக் கரிக்குது! ஊருக்கெல்லாம் மூடிக்கு அர்த்தம் சொல்றீங்க, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு மூடி ஒழுங்கா அடைக்கத் தெரியலையா?"

அவருக்கு மானமே போய்விட்டது. தலையைத் தொங்கப்போட்டு நின்றவர் மெல்ல நிமிர்ந்தார்.

"என்ன சொன்னே? உப்பா?"

"பின்னே? ஒரு கடலையே கொண்டுவந்து..." அவள் பாதியில் நிறுத்தினாள். சப்புக்கொட்டிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"குடு, கொட்டிடறேன். நல்லதா வேற செஞ்சு தரேன்" என்றார் அவர்.

"கை வெச்சீங்கன்னா தெரியும்!" என்று குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். முகத்தைச் சுளித்துச் சுளித்து, அவரைத் திட்டிக்கொண்டே, அடிவரை வழித்துத் தின்றாள். அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார்.