சைட் படுத்த வாரம்

மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். அது தன்னுடையது என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேஸ் போட்டார். அவர் ஜெயித்தால் எங்கள் சமையலறைப் பின்கதவை அடைத்துவிட வேண்டும். காற்றும் வெளிச்சமும் வருவதே அந்த வழியாகத்தான். நான் விடுவேனா? இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

போன வாய்தாவுக்கு நீதிபதி விடுப்பு. அடுத்த தேதி கோர்ட் வெப்சைட்டில் வரும் என்றார்கள். பார்த்தால் சைட் படுத்துக்கிடந்தது. வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"எவனோ வேணும்னே பண்றாம்பா. எங்கெங்கயோ கீற கம்ப்யூட்டரை வுட்டு ஒரே நேரத்துல சைட்டைத் தொறந்துக்கினே கீறான். நெஜமா பாக்க வர்றவனுக்கு வழியில்ல" என்றார்.

டீ வாங்காத கும்பல் டீக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. அந்தப் புண்ணியவானை வாய் வலிக்கத் திட்டினேன். நான் போகாத அன்று அண்ணன் மட்டும் போய் நின்றால், தீர்ப்பு அவர் பக்கம் போய்விடும்.

மனைவிதான் வழி சொன்னாள். "அந்தாளு கோர்ட்டுக்கு மட்டும்தான் வெள்ளச் சட்ட போடுவாரு. அதைப் பாத்துக்கினு இரு, போதும்."

திங்கட்கிழமை காலை அண்ணன் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் ஓடினேன். கோர்ட்டில் ஊழியர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கு உங்க கேஸே இல்லியே. யாரு வரச் சொன்னது?"

அண்ணன் என்னைக் கைகாட்டினார். "இவன்தான் நேத்து சட்டைய அயர்ன் பண்ணிக்கினு இருந்தான். அதைப் பாத்துதான் நான் கெளம்புனேன்."

நான் அயர்ன் செய்தது மச்சான் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு! சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். எதிர்க் கடையில் சேர்ந்தே நாஷ்டா சாப்பிட்டோம். பூரி பிரமாதம்.

"பேஜாரா கீது தம்பி. அந்தச் சந்துல நான் இன்னா மாளிகையா கட்டப் போறேன்? வாபஸ் வாங்குனா என் மருமவன் சிரிப்பான். அடுத்த வாய்தாவுக்கு நான் வரல, நீயும் வராதே. கேஸு தானா தள்ளுபடி ஆயிப் பூடும்."

"சரிண்ணா" என்றேன். ஆனால் நம்பி நான் வீட்டில் உட்கார, அவர் மட்டும் போய் நின்றுவிட்டால்?

இரண்டு நாளில் சைட் எழுந்துகொண்டது, தேதியும் வந்தது. வாய்தா அன்று காலை, கோர்ட்டுக்குப் போகிற சட்டையை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

சந்தின் குறுக்கே புதிதாக ஒரு கொடி. அதில் அண்ணனின் வெள்ளைச் சட்டை, அப்போதுதான் அலசிப் போட்டது, சொட்டச் சொட்டத் தொங்கியது. அவரிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கி, அதே கொடியில் அவர் சட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.