குடை தாழ்ந்த நேரம்

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவையன்று, விடியற்காலையில் பெருமாள் கோபுர வாசலுக்கு எழுந்தருளியதும் ஒரு கணம் குடைகளைத் தாழ்த்தி அவரை மறைத்துவிடுவார்கள். சோளிங்கரில் இருந்த ஒரு பக்தர் வருஷம் தவறாமல் வந்து சேவித்தவராம். ஒரு வருஷம் உடம்புக்கு முடியாமல் அங்கேயே குளக்கரையில் நின்று உருகியிருக்கிறார். அவருக்காகப் பெருமாள் அந்த ஒரு கணம் சோளிங்கருக்குப் போய்த் திரும்புகிறார் என்பது ஐதீகம். அந்தக் குடைகளில் ஒன்றைப் பதினாறு வருஷம் பிடித்தவன் நான்.

குடை பிடிக்கிறவனுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு. தாழ்த்தியதும் தலை குனிந்துகொள்ள வேண்டும்; நிமிரக் கூடாது. ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கத் தவிக்கிற இடத்துக்கு இரண்டு முழத்தில் நின்றுகொண்டு நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் கருடன்மேல் யாருமே இல்லை என்று மனதார நம்பினேன். அந்த வெறுமையை நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நாலாவது வருஷம் திடீரென்று காற்று அடித்தது. குடை கையை விட்டுப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்துகிற அவசரத்தில் நிமிர்ந்துவிட்டேன்.

பெருமாள் அங்கேயே இருந்தார். கழுத்து மாலையில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. தீவட்டி வெளிச்சத்தில் முகம் எப்போதும்போல் பளபளத்தது. எங்கும் போனதாகத் தெரியவில்லை. இத்தனை நாள் அங்கே இருந்ததாகவும் தெரியவில்லை. அவ்வளவுதான். குடை விலகியது, கூட்டம் "வரதா, வரதா" என்று கதறியது, எனக்குள் ஏதோ அணைந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். குடையின் மூங்கில் காம்பு உரசிக் கொப்பளித்த என் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "வேற யார்கிட்டேயும் சொல்லிண்டு திரியாதேங்கோ" என்றாள். அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

பண்டிதர் ஒருவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். விக்கிரகம் இங்கேதான் இருக்கும், அதில் உறைகிற சாந்நித்தியம்தான் போய்வரும் என்று அழகாக விளக்கினார். பதில் சரியாகத்தான் இருந்தது, என் வயிறு நிறையவில்லை. கடைத்தெருக் கூட்டங்களில் கடவுளே இல்லை என்று பேச ஆரம்பித்திருந்த காலம் அது. அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. எதையோ தொலைத்தவன் முகம் அவர்களில் ஒருவனுக்கும் இல்லை. படிப்பகத்தில் ஒரு வாத்தியார், மேல்நாட்டில் யாரோ கடவுள் செத்துவிட்டார் என்றே எழுதியிருப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவருக்கு என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும் ஓய். தர்ப்பணம் பண்ணலாம், திதி கொடுக்கலாம். போனவர் திரும்பலேன்னா என்ன பண்றது?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கைங்கரியத்தை விடவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் திருட்டுத்தனமாக நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தடவையாவது அந்த இடம் காலியாக இருக்காதா என்று ஏங்கினேன். போயிருந்தால்தானே திரும்பி வர முடியும்? ஒரு வருஷம் தாழ்த்திய குடையை விலக்கவே மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டே நின்றுவிட்டேன். "என்ன ஓய், கை மரத்துப்போயிடுத்தா?" என்று எதிர்க்குடைக்காரர் பல்லைக் கடித்தார். வெளியே ஜனங்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன, குடையைத் தூக்கினேன்.

தோள்வலி வந்து தம்பியிடம் குடையைக் கொடுத்த வருஷம், முதல் தடவையாகக் கூட்டத்தில் மனைவியோடு நின்றேன். இடித்துத் தள்ளினார்கள். குடைகள் தாழ்ந்தன. வெளியிலிருந்து பார்த்தபோது அந்த ஒரு கணம் அப்படி நீண்டது. சட்டென்று குடைகள் விலகின. சுற்றிலும் ஒரே கதறல். எத்தனையோ பேர் கன்னத்தில் கண்ணீர். எனக்கு வரவில்லை. கருடன் அசைந்து நகர, கூட்டம் பின்னாலேயே ஓடியது.

"வந்துட்டாரா?" என்றாள் மனைவி.

"அதான் எல்லாரும் சேவிச்சாச்சே."

"உங்களுக்கு வந்துட்டாரான்னு கேட்டேன்."

பதிமூன்று வருஷமாக அவள் வாய் திறந்து கேட்காதது. "இன்னும் இல்லை" என்றேன்.

"அப்போ இருங்கோ. எங்கே போறேள்?"

கருடன் தெரு திரும்பி மேளச் சத்தம் தேய்ந்துவிட்டது. அவள் கூப்பிய கையை இறக்கவில்லை. காலியான கோபுர வாசலைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.