அப்பா குடிக்கவில்லை

அப்பா ஐம்பதுகளில் கொழும்பில் பொக்சிங் செய்தவர். அதற்கு முன், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பேஸ்போல் விளையாடியிருக்கிறார். பொக்சிங்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. பேஸ்போல் என்றால் என்னவென்றே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அம்மா இறந்த பிறகு, எண்பதுகளின் கடைசியில், அண்ணை அவரை லண்டனுக்குக் கூப்பிட்டார். நோர்பரியில் அண்ணையும் நானும் இருந்த வீட்டின் முன் அறையை அவருக்குக் கொடுத்தோம். வந்தபோதே கை நடுங்கியது. கதைக்கும்போது சொற்கள் குழைந்தன. வயசு என்று நினைத்துவிட்டோம்.

அடுத்த கோடையில் ஊர்ச் சங்கத்தார் பழைய விளையாட்டு வீரர்களைக் கௌரவித்தார்கள். அப்பா காலையிலேயே சவரம் செய்து, கோட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். மேடையில் மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "எனக்கு... எனக்கு முதல்..." என்று தொடங்கியவருக்கு நாக்குப் புரளவில்லை. கால் தடுமாறியது.

பின்வரிசையில் ஒருவன், "ஐயா நல்ல வெறியில வந்திருக்கிறார்" என்றான். மண்டபமே சிரித்தது. சங்கத் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "ஐயா களைச்சுப்போனார்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

காரில் அண்ணை கத்தினார். "ஏனப்பா குடிச்சுப்போட்டு வந்தனீங்கள்? நான் இனி எந்த முகத்தோட அங்க போறது?"

அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் குடிக்கேல்லை அண்ணை. காலமை முழுக்க நான் அவரோடதானே நிண்டனான்" என்றேன்.

"நீ சும்மா இரு."

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தலையில் வாங்கிய அடிகள்தான் காரணம், இனிச் சரிவராது என்றார் டொக்டர். அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். என்னால் எதையும் மறைக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது மெல்ல மெல்லச் சொன்னார்: "எனக்குப் பேஸ்போல்தான் விருப்பம் பிள்ளை. அதில ஒருத்தரும் தலையில அடிக்கேல்லை. பாக்கவும் ஒருத்தரும் வரேல்லை."

அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப சங்கத்துக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார். சொல்லவில்லை. அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. பெரிய டீவி ஒன்று வாங்கிவந்து அவருடைய அறையில் வைத்தார்.

அதன்பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அப்பா கதவைச் சாத்திக்கொள்வார். தொண்ணூறுகளின் நடுவில் இறந்தார்.

செத்தவீட்டில், "குடியை விட்டிருந்தால் மனுசன் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கும்" என்று என் காதுபடக் கதைத்தார்கள். அண்ணை பக்கத்தில்தான் நின்றார். அவர் குடிக்கிறதேயில்லை என்று நான்தான் சொன்னேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார்கள்.