மணல் சட்டியில் இரண்டு போன்கள்

நான் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கடை மலையடிவாரத்து ஊரில் இருக்கிறது. காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறும் பஸ்கள் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும் என்பதால், மலைக்காரர்கள் நிறையப் பேர் எங்களிடம்தான் போன் வாங்குவார்கள். முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் விற்ற ஒரு மாடலில் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கிறதாம். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மாடல் கொடுத்துவிட வேண்டுமாம். கடிதத்தோடு மடித்த அட்டைப்பெட்டிகளும் வந்தன. நாலு பக்கமும் தீ எரிகிற படம், சிவப்பில் ‘அபாயம்’ என்ற எழுத்து, உள்ளே ஒரு ஜோடி கையுறை. போனைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பெட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஊருக்குள் வாங்கியவர்கள் பயந்துபோய் இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்கள். மலைக்குப் போன இரண்டு மட்டும் வரவில்லை. பாய் போன் செய்யும்போதெல்லாம் இரண்டு பேரும் “வாரேனுங்க” என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒரு மாதமாக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் பாய், நீ நேரில் போய்ப் பேசினால் கேட்பார்கள் என்று என்னை அனுப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே மாடலில் ஒரு போன் என்னிடமும் இருந்தது. பாய் இரண்டு தடவை கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றேன். யார் யாரிடமிருந்து போனைத் திரும்ப வாங்க வேண்டும் என்கிற பட்டியலை அதில்தான் ஏற்றி வைத்திருந்தேன். அது நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம், வேறு எந்தப் போனிலும் என் முகம் அவ்வளவு நன்றாக விழுந்ததில்லை.

இரண்டு புதுப் போனையும் மடித்த பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி முதலில் மலைமேல் வாசலூர்பட்டிக்குப் போனேன். படகு ஏரியில் டிக்கெட் கிழிக்கிறவர்தான் முதல் ஆள். சுற்றுலா வருகிறவர்களை அந்தப் போனில் படம் பிடித்து அவர்களுக்கே அனுப்பிவைப்பார். நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏரியைக் கை காட்டினார்.

“ஏனுங்க, சுத்தியும் தண்ணி. பத்திக்கிச்சுன்னா தூக்கி உள்ளே போட்டர்றேன்.”

புதுப் போனையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். பழசு பத்திக்கொண்ட பிறகு அதை எடுத்துக்கொள்வாராம். அது முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது போன், மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதியில், ஒரு சின்ன ஊரில் இருந்தது. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர்தான். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். நான் போனபோது அந்தம்மா களத்தில் நின்றிருந்தார். வீட்டிலிருந்து இருபதடி தள்ளி ஒரு பாறை. அதன்மேல் ஓர் இரும்புச் சட்டி. சட்டி நிறைய மணல். மணலின் மேல் போன் மல்லாந்து கிடந்தது.

மிரண்ட மாட்டைத் தனியாகக் கட்டி வைப்பது போல அதை வைத்திருந்தார்கள். மணி அடித்தால் எடுக்க, முதலில் குச்சியின் நுனியில் துணி சுற்றித் தொட்டுப் பார்த்தார்களாம், குச்சிக்குத் திரை திறக்கவில்லையாம். அதனால் விரலால் ஒரு தொடு தொட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்று சத்தமாகப் பேசுவார்கள். வீட்டிலிருந்து நீளமாக ஒயர் இழுத்துச் சார்ஜ் போடுவார்கள். ஏறி முடிகிற வரை அந்தம்மா ஒரு குடம் தண்ணீரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் ஆபத்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்றேன்.

“தெரியுமுங்க. அதனாலதானே ஊட்டுக்குள்ள வெக்கல” என்றார்.

அவர்களுக்கும் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று போன் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிலும் அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. இதில் மட்டும் மகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் சொல்கிறேன் என்று புருஷன் மெதுவாக ஆரம்பித்தார். அந்தம்மா திரும்பிப் பார்த்ததும் மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் விடவில்லை. பேட்டரி உப்புவதையும் வெடிப்பதையும் கடிதத்தில் இருந்தபடி விளக்கினேன். கடைக்காரி என்கிற முறையில் கொஞ்சம் குரலை உயர்த்தியும் பேசினேன். அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் போன் அடித்தது. வேலை முடிந்ததா என்று கேட்கப் பாய்தான் கூப்பிட்டிருந்தார். அவசரத்தில் யோசிக்காமல் வெளியே எடுத்துவிட்டேன்.

அந்தம்மா என் கையைப் பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். நான் பாய்க்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. மணலில் ஒரு ஓரமாக விரலால் பள்ளம் பறித்தார்.

“மடியில வெச்சுக்கிட்டுத் திரியாத சாமி. உன்னோடதையும் இதுல போட்டுட்டு வா, சாப்பிடலாம்.”

போட்டேன். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார்கள். சாப்பிடும்போது பாய் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு போனுக்கும் ஒரே மணியோசை. அடிக்கிறது யாருடையது என்று தெரியாமல் மூன்று பேரும் எச்சில் கையோடு எழுந்து ஓடினோம். பாறைக்கு அருகில் போனதும் மூன்று பேருமே நின்றுவிட்டோம்.

கை கழுவிய பிறகு அந்தம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “நீ குடுத்தா நானும் குடுக்கறேன் கண்ணு.”

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதில் மிச்சமிருந்தது படகுத்துறைக்காரர், இந்த வீடு, நான், மூன்றே பேர். புருஷன் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டையும் சட்டியிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு மாதத்து நிம்மதி தெரிந்தது. நான் புதுப் போனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

கண்டக்டர் படியிலேயே மறித்தார். பெட்டியில் தீப்பிடிக்கிற படம் போட்டிருக்கிறது, இதை ஏற்ற முடியாது என்றார். தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பெட்டி என்றேன். காலையில் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். என் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்றேன்.

“அப்பப் பையிலயே கொண்டு வாங்க. பொட்டி வேண்டாம்.”

ரோட்டோரம் நின்று இரண்டு போனையும் வெளியே எடுத்து, பெட்டிகளைப் பழையபடி மடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் திருப்தியாக விசில் கொடுத்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பை பக்கத்துச் சீட்டுக்காரர் பக்கம் சாய்ந்தது. சூடாகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அது பையின் சூடா என் கையின் சூடா என்று காரவள்ளி வரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

கடைக்கு வந்து மறுபடி பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்பினோம். படகுத்துறைக்காரர் கடைசி வரை கொடுக்கவேயில்லை. பாயும் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்தம்மா தனியாக மலையிறங்கிக் கடைக்கு வந்தார். புதுப் போனுக்கு வீட்டில் சிக்னல் இல்லையாம். மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் ஏறினால் மட்டும் கிடைக்கிறதாம். மிளகு விலை கேட்கப் புருஷன் ஏறியிருக்கிறார். பேசிக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தவர் கீழே விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார்.

“பழசு அத்தனை மாசம் இருந்துச்சு, ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல” என்றார். பிறகு மேஜைமேல் புதுப் போனை வைத்தார். “இதைத் திருப்பிக் கேக்கறாங்களான்னு பாருங்க. கேட்டா இப்பவே குடுத்தர்றேன்.”

பாய் சிரிக்கவில்லை. கம்பெனிக் கடிதங்கள் இருந்த பைலை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இந்த மாடலுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்று வருத்தமாகச் சொன்னார். வந்தால் முதலில் தனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அந்தம்மா கேட்டுக்கொண்டார்.

எங்கள் கடைக்குள் சிக்னல் முழுசாக இருந்தது. என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். மலை பஸ் வரும்வரை அதில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் போனை இரண்டடி தள்ளி மேஜைமேல் வைத்துவிட்டுச் சத்தமாகத்தான் பேசினார். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும், அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.