வெள்ளிக்கிழமைக் கருவாடு

எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் காய்கறி நன்றாகத் தெரியும். கைக்கு எட்டாது, அவ்வளவுதான். கீழே வெகுதூரத்தில் நுவரெலியா ரோட்டில் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிய லொறிகள் வரிசையாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் நாங்கள் அவற்றை எண்ணுவோம். எண்ணி முடித்ததும் உள்ளே போய் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவோம்.

எங்களுடையது தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கட்டிய ஒரே லயம். கடைக்குப் போக வேண்டுமென்றால் ஃபேக்டரி வரைக்கும் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். அந்தக் கடையிலும் கோதுமை மாவு, சவர்க்காரம், வெற்றிலை தவிர வேறொன்றும் இருக்காது. மீன், காய்கறி என்றால் அங்கிருந்து பஸ் பிடித்துத் தலவாக்கலைக்குத்தான் போகவேண்டும். காய்கறி வேன் ஒன்று எங்கள் டிவிசனுக்கும் வரும், ஆனால் சம்பளத்தன்று மட்டுமே வரும். மற்ற நாட்களில் ரோடு சரியில்லை என்று டிரைவர் சொல்வார். சம்பளத்தன்று மட்டும் அந்த ரோடு எப்படிச் சரியானது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

அதனால் எங்கள் லயத்துக்குக் கடை என்றால் அது என் மாமாதான். அம்மாவின் தம்பி. கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றி இறக்கும் வேலை. தினமும் மேலே வரும் ஒரே வண்டி அதுதான். வியாழக்கிழமைகளில் டீசல் அடிக்கத் தலவாக்கலைக்குப் போகும் லொறி, அங்கிருந்து நேரே எங்கள் மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, ஏறி வரும். வெறும் சாக்குகளுக்குள் பன்னிரண்டு வீட்டின் உருளைக்கிழங்கும் பருப்பும் காய்ச்சல் குளிசையும் ஒளிந்து வரும். இது தோட்டத்துச் சட்டப்படி குற்றம். கொழுந்து பொல்லாதது, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே லொறியில் கொழுந்தைத் தவிர ஒரு வெங்காயம்கூட ஏறக்கூடாது. பிடிபட்டால் மாமா லொறியை மறந்துவிட வேண்டியதுதான். நாங்கள் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

மாமா உருளைக்கிழங்கோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கார்த்திகையில் அம்மா நிறைமாதம். மருத்துவிச்சி வந்து கீரை, முட்டை, மீன், பழம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைப் பத்திரமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். அந்தப் பட்டியலிலிருந்து வீட்டுக்கு வந்துசேர்ந்தது கீரை மட்டும்தான், அதுவும் தேயிலை மலையில் தானாக முளைத்தது. அம்மாவுக்கு ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது. சட்டியில் பொரித்த கட்டாக் கருவாடு இருந்தால் ஒரு பிடி சோறு இறங்கும் என்றார். தின்றதெல்லாம் வாந்தியாகப் போய், கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தலவாக்கலையில் முஸ்லிம் நானா ஒருவரின் கருவாட்டுக் கடை. பயந்து பயந்து கேட்ட மாமாவுக்கு நானா தைரியம் சொன்னாராம்: “மூணு பேப்பர் சுத்தி மேல பொலித்தீனும் போட்டிருக்கேன் தம்பி. எந்த மூக்குக்கும் எட்டாது.”

திட்டத்தில் எனக்கும் பங்கிருந்தது. எனக்கு வயது ஒன்பது. லொறி மடுவத்தில் நின்றதும் நான் போய், “அம்மா கீழே விரிக்கச் சாக்கு கேட்டாங்க” என்று சொல்லி, மூலையில் முடிச்சுப் போட்ட சாக்கை எடுத்து வந்துவிட வேண்டும். முந்திய இரவெல்லாம் இதையே சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமை லொறி வந்தது. முடிச்சும் கண்ணுக்குப் பட்டது. கையை நீட்டும்போது பின்னால் எங்கள் டிவிசனை மேய்க்கும் கணக்கப்பிள்ளை.

“என்ன பாப்பா, சாக்கு என்னத்துக்கு?”

பாடம் செய்ததைப் பிழையில்லாமல் ஒப்பித்தேன். ஆளைப் பார்த்தால் கறாரானவர், ஆனால் அன்றைக்கென்று மனம் இளகிவிட்டது. “புள்ளத்தாச்சி படுக்கிறதுக்கா? அது ஈரம்மா” என்று முடிச்சுச் சாக்கைத் தள்ளிவிட்டு, நல்ல காய்ந்த சாக்காகப் பார்த்து எடுத்து, உதறி, மடித்து என் கையில் கொடுத்தார். நானும் ஸ்கூலில் சொல்லித்தந்தபடி “நன்றிங்க ஐயா” என்றேன். லொறியின் மறுபக்கத்தில் நின்ற மாமாவின் முகம் மாவு பூசியதுபோல வெளுத்தது. அவர் கண்ணெதிரிலேயே அந்த முடிச்சுச் சாக்கில், பொட்டலத்துக்கு மேலேயே, கொழுந்தை அமுக்கி நிறைத்து லொறியில் ஏற்றினார்கள்.

ஃபேக்டரியில் சாக்கைக் கொட்டும்போது மாமா எப்படியோ பொட்டலத்தைச் சட்டைக்குள் தள்ளி, லொறியில் ஸ்பானர் வைக்கும் ஆயுதப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டார். மணத்தை ஒளிக்கத்தான் வழி இல்லை. அங்கே டீமேக்கர் என்று ஒருவர் இருந்தார். தேத்தண்ணி ருசி பார்க்கும் நாளுக்கு முதல்நாளே வெங்காயத்தைத் தொடாத மனிதர். கொழுந்தை ஒரு கை அள்ளி முகர்ந்தார், இன்னொரு கை அள்ளி முகர்ந்தார், பிறகு தோட்டத்துத் துரையைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் அந்த இடத்தில், கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் அறிவித்தார்: “லொறியில கருவாடு வந்திருக்கு. மேல் டிவிசன் கொழுந்துலதான் மணம். சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்கு, எந்த வீட்டுலயும் கருவாடு இருக்காது. போதாததுக்கு வெள்ளிக்கிழமை. இன்னைக்குச் சாயந்தரம் எந்த அடுப்புல கருவாடு மணக்குதோ, அந்த வீட்டு ஆள்தான் கள்ளன். நானே வந்து மோந்து பார்க்கப்போறேன்.”

நல்ல யோசனைதான். அவரும் லயத்தில் பிறந்தவர், சம்பளத்துக்கு முந்திய வாரம் எங்கள் சட்டிகளில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பெரட்டில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். வீட்டிலிருந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது. முதல்நாள் இரவு மாமா பொட்டலத்தை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை வரை அதைத் தொடமாட்டேன் என்று அம்மா அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். நான் ஸ்கூல் விட்டு வந்தபோது பொட்டலம் பிரிந்து கிடந்தது, எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. “ஒரே ஒரு துண்டுதான்டி” என்றார் அம்மா, என்னிடம் அனுமதி கேட்பதுபோல.

ஒரு துண்டு போதுமானதாக இருந்தது. மணம் கூரையை முட்டி, வாசலுக்கு வந்து, மலையை நோக்கி நடந்தது. சரியாக அந்த நேரத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டு அத்தை. வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். திரும்பிக் கீழே பார்த்தார். இரண்டு வளைவுக்குக் கீழே ஒரு கறுப்புக் குடை ஏறி வந்துகொண்டிருந்தது.

“அடிப் பாவி மகளே, கெடுத்தியே!” என்றவர், எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தன் வீட்டுக்குள் ஓடினார். அடுத்த நிமிடம் அங்கிருந்தும் கருவாடு மணத்தது. “எல்லாரும் அடுப்பைப் பத்தவைங்கடி!” என்று அவர் போட்ட சத்தம் கடைசி வீடு வரை போனது. டப்பாக்கள் உருண்டன, மூடிகள் கழன்றன. இரண்டாம் வீட்டில் நெத்தலி, மூன்றாம் வீட்டில் சாளை. ஐந்தாம் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டவர், அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லே அந்த மாதம் ஒலிக்கவில்லை. அங்கிருந்தும் புகை வந்தது. அவர் வாசலில் நின்று கண்ணை மூடிச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடை வந்து சேர்ந்தது. கணக்கப்பிள்ளை மூக்கை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். எங்கே திருப்பினாலும் கருவாடுதான்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா பன்னெண்டு வீட்டுலயுமா?”

“மழைக்கு நமத்துப்போச்சுங்க ஐயா. இன்னைக்குச் சுடலைன்னா புழு வச்சிரும்” என்றார் அத்தை.

“எல்லா வீட்டுலயும் ஒரே நாள்ல நமத்துப்போச்சா?”

“எல்லா வீட்டுக்கும் ஒரே மழைதானுங்களே.”

மாலை போட்டவரிடம் போய், “சாமி, நீங்களுமா?” என்றார். “பூனைக்குங்க” என்றார் அவர். அந்த வீட்டில் பூனை இருந்ததே இல்லை.

கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா வாயில் சோற்றோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர். கணக்கப்பிள்ளை அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா உட்கார்ந்திருந்த சாக்கைப் பார்த்தார். “நான் குடுத்த சாக்கு நல்லா காஞ்சிருந்திச்சா?” என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மாமாவின் லொறி வேலை தப்பியது.

எனக்கோ அன்று திருவிழா. தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரு துண்டு விழுந்தது. மாலை போட்டவர் வீட்டில் பூனையின் பங்கும் எனக்கே கிடைத்தது. கடைசி வீட்டு அத்தை மட்டும், “முடிஞ்சிருச்சு கண்ணு” என்று என் கன்னத்தைத் தடவினார். அடுப்பை எட்டிப் பார்த்தேன். சட்டியே இல்லை. எண்ணெய்க்கறை பட்ட பேப்பர் ஒன்று பாதி கருகிக் கிடந்தது, கருவாடு சுற்றி வந்த பழைய பேப்பர்.

நான் ஓடி வந்து, அந்த வீட்டில் எல்லாவற்றையும் அவர்களே தின்றுவிட்டார்கள், கஞ்சர்கள் என்று கோள் சொன்னேன். அம்மா முதுகில் ஓர் அடி வைத்தார். “அந்த வீட்டுல இருந்ததே அந்தப் பேப்பரு மட்டுந்தான்டி” என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்ததைப் பாதியாகப் பிரித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் லயத்தில் யாரும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும் தவிர எதுவும் காணவில்லை. தினமும் ஏன் கருவாடு சுடக்கூடாது என்று நான் அத்தைகளை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். டப்பாக்களின் அடியில் அவசரத்துக்கென்று வைத்திருந்த கடைசித் துண்டுகளைத்தான் அன்று நான் சுற்றி வந்து தின்றிருக்கிறேன் என்பது, இப்போது கொழும்பில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழேயே கருவாடு விற்கும்போதுதான் உறைக்கிறது.

அன்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி வீட்டுக்கு நடந்தபோது எனக்கு அழுகையாக வந்தது. ஒரு துண்டுகூடத் தராத வீட்டுக்கு எங்கள் கருவாட்டில் பாதி ஏன் போகவேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை.