மேசை லாச்சிக்குள் மூன்று பாஸ்போர்ட்

பார்சிலோனாவுக்குப் போவோம் என்று சொன்னது நான்தான். ஆகவே அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்பது என் கணவருடைய கட்சி. இன்றுவரை அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். அதுவரை விடுமுறை என்று நாங்கள் போனதெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான். பாரிஸில் ஒரு கல்யாணம், ஜெர்மனியில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. எங்கே போனாலும் யாருடையதோ முன்னறையில் மெத்தை விரித்துப் படுப்போம். காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்போம். பெட்டி நிறையப் பலகாரத்துடன் லண்டனுக்குத் திரும்பி வருவோம். போன ஊர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்களை ஒருவருக்கும் தெரியாத ஊரில், ஒரு ஹோட்டல் அறையின் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் நான் கேட்டது அவ்வளவுதான்.

நான் அப்போது இல்ஃபோர்டில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். மத்தியான இடைவேளையில் அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே ஹோட்டலைப் பிடித்தேன். நகரத்தின் நடுப்பகுதி, கடலுக்கு நடந்தே போகலாம், வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். படத்தில் ஒரு பால்கனியும், காற்றில் பறக்கும் வெள்ளைத் திரைச்சீலையும் இருந்தன. இரண்டு பேருக்கு ஒரு அறை என்று பதிவு செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்காவும் வாறாவாம்."

"எங்கை?"

"ஸ்பெயினுக்கு."

"நீங்கள் கூப்பிட்டனீங்களோ?"

"நான் கூப்பிடேல்லை. போறம் எண்டு சொன்னன், அவ்வளவுதான். பாவம், தனிய இருக்கிறா."

இவருடைய அக்கா, என் மச்சாள், மனோர் பார்க்கில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். கணவர் தவறி மூன்று வருடம். அவரைப் பாவம் என்று சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? பதிவை மூன்று பேருக்கு மாற்றினேன். மூவருக்கும் ஒரே அறைதான் கிடைத்தது.

விடியுமுன்பே விமான நிலையத்தில் நின்றோம். பார்சிலோனா என்று விமானச் சீட்டில் போட்டிருந்தது. மலிவு விமானம், இறக்கிவிட்டது வேறொரு ஊரில். அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஜூன் மாத வெயிலில் இவர் குளிர்கால ஜாக்கெட்டைக் கழற்ற மறுத்தார். அதன் உள்பையில்தான் மூன்று பாஸ்போர்ட்டும் இருந்தன. பஸ்ஸில் நித்திரையாகிப்போனபோதும் ஒரு கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. மச்சாளுடைய பெட்டி எங்கள் இருவருடைய பெட்டிகளையும் சேர்த்ததைவிடக் கனம். உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு உடுப்பும் கொஞ்சச் சாமானும், பிள்ளை" என்றார்.

ஹோட்டல் ஒரு ஒடுங்கிய சந்துக்குள், செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. லிஃப்டில் ஒருவரும் ஒரு பெட்டியும் மட்டும் போகலாம். முதல் மாடியில் ஒரு சிறிய கூடம், மூன்று கதிரைகள், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒல்லியான ஒரு மனிதர் நின்றார். முப்பது வயதிருக்கும். நல்ல மரியாதையாகச் சிரித்து, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் மூன்றையும் மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு அறைச் சாவியை நீட்டினார்.

"பாஸ்போர்ட்?" என்றார் இவர்.

பொலிஸுக்குக் கொடுக்கும் பதிவுப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதை முதலாளி அம்மாதான் செய்வார், அவர் ஐந்து மணிக்கு வருவார் என்று அந்த மனிதர் கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினார். போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு தரலாமே என்று நான் கேட்டேன். மெஷின் பழுது என்று அதையும் காட்டினார். அதன் மேல் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள்.

"ஐஞ்சு மணிக்குத் தருவினமாம். வாங்கோ, மேலை போவம்" என்றேன்.

"நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்."

"எவ்வளவு நேரம்?"

"தரும்வரைக்கும்."

அப்போது நேரம் ஒரு மணி. சொன்னபடியே மேசைக்கு நேரெதிரே இருந்த கதிரையில் இருந்தார். கண் லாச்சியை விட்டு அசையவில்லை.

நானே வரவேற்பு மேசையில் இருப்பவள். இப்படியானவர்களைத் தினமும் பார்க்கிறேன். டொக்டர் கூப்பிடும்வரை பத்திரிகையும் படிக்காமல், தண்ணீரும் குடிக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். என் கணவரைச் சமாளிக்கத்தான் தெரியவில்லை. அவர் அகதியாக வந்தவர் என்பதும், வழியில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஏமாற்றினான் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதை நடக்காத யாழ்ப்பாணத்து ஆம்பிளை லண்டனில் எத்தனை பேர்? எல்லோரும் இப்படியா ஹோட்டல் கதிரையில் குந்தியிருக்கிறார்கள்?

மேலே அறையில் பால்கனி இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். திரைச்சீலை மட்டும் வெள்ளை. ஒரு பெரிய கட்டிலும், பக்கத்தில் மடித்து விரிக்கும் ஒரு சின்னக் கட்டிலும் போட்டிருந்தார்கள். மச்சாள் பெரிய கட்டிலில் இருந்து பார்த்து, "இது நல்லாயிருக்கு" என்றார். சின்னக் கட்டில் யாருக்கென்று அதோடு முடிவானது.

கீழே இறங்கி இன்னொரு முறை கெஞ்சிப் பார்த்தேன். கடல் பத்து நிமிட நடைதான், பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வந்துவிடலாம் என்றேன்.

"இஞ்சாரும், நீர் போய்ப் பார்த்திட்டு வாரும். கடல் எங்கையும் போகாது" என்றார்.

"கடல் போகாது. நான்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போகோணும்!"

மேசைக்குப் பின்னால் நின்ற மனிதர் எங்கள் சண்டை விளங்கியதுபோல ஒரு கிளாஸ் தண்ணீரை இவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். இவர் அதைத் தொடவில்லை. நான் வெளியே இறங்கிவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சோடி சோடியாகச் சனம் கைகோர்த்துப் போனது. ஒரு ஐஸ்கிரீம் வாங்கி, கோபத்தில் அது என்ன ருசி என்றே தெரியாமல் தின்றேன். பாதை பிழைத்து, கடலுக்கு எதிர்த்திசையில் வெகுதூரம் நடந்து, கால் நோகத் திரும்பி வந்தேன். ஹோட்டல் வாசலில் காலை வைத்தால் உள்ளே கும்மிருட்டு.

மேல் மாடியிலிருந்து மச்சாளின் குரல் கேட்டது. "நான் ஒண்டும் செய்யேல்லை! குத்தினன், அவ்வளவுதான்!"

கதை இதுதான்: அவருடைய பெட்டியில் இருந்தது ரைஸ் குக்கர். தம்பி காலையிலிருந்து சோறு தின்னவில்லையே என்று அரிசியைக் கழுவிப்போட்டு, கொண்டுவந்த பிளக்கைச் சொருகி, சுவரில் குத்தியிருக்கிறார். கட்டடம் முழுவதற்கும் கரண்ட் போய்விட்டது. அந்த மனிதர் டோர்ச்சுடன் மேலுக்கும் கீழுக்கும் ஓடி, எங்கேயோ பியூஸ் பெட்டியைத் திறந்து, ஒருவழியாக வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். மச்சாளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குக்கரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளிச்சம் வந்தபோது என் கணவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அன்று முழுவதும் காணாத தெளிவு.

"வாரும், கடலுக்குப் போவம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"பாஸ்போர்ட்?"

"அது பிறகு பாப்பம்."

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நாலு மணி நேரம் அசையாமல் இருந்த மனிதர் ஏன் திடீரென்று கடலைத் தேடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. போகிறோமே என்ற சந்தோஷத்தில் மச்சாளைக் கூட்டி வந்தேன். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் முதலாளி அம்மா வந்துவிட்டார். பருத்த உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. எங்களைப் பார்த்து நில்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டு லாச்சியைத் திறந்தார். உள்ளே சாவிகளும் பேனாக்களும்தான் கிடந்தன.

அந்த மனிதர் லாச்சியை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்தார். மேசைக்குக் கீழே தவழ்ந்து பார்த்தார். குப்பைக் கூடையையும் கொட்டினார். முதலாளி அம்மாவின் சத்தம் ஏற ஏற, அந்த மனிதருடைய முகம் வெளிறிக்கொண்டே போனது. எனக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. ஆனாலும் மூன்று பாஸ்போர்ட் தொலைந்தால் யார்மேல் சந்தேகம் வரும் என்று விளங்க பாஷை தேவையில்லை. அந்த அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். வலது கை ஜாக்கெட்டின் மேல், நெஞ்சில் இருந்தது.

"எங்கை?" என்றேன்.

"என்ன எங்கை?"

"இருட்டுக்குள்ளை எடுத்தனீங்கள் என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். "எங்கடை சாமான். எங்கடையை நாங்கள் எடுக்கிறது களவே?"

"அந்த மனுசனைப் பாருங்கோ ஒருக்கா! அழப்போறான். அவ பொலிஸுக்கு அடிக்கிறா!"

மச்சாள்தான் முடித்து வைத்தார். "தம்பி, குடு" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு மத்தியானம் முழுவதும் பேசிப் பேசி ஆகாதது ஒரே சொல்லில் ஆனது.

இவர் மூன்றையும் மேசையில் வைத்தார். முதலாளி அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இலக்கங்களைக் கையால் எழுதினார். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்த மனிதர் தரையில் கொட்டிக் கிடந்தவற்றைப் பொறுக்கினார். நான் குனிந்து உதவப் போனேன். எழுந்து என்னிடம்தான் பேசினார், இவரிடம் அல்ல. தான் எக்குவடோர் நாட்டிலிருந்து வந்தவர், தன்னுடைய விசாப் பத்திரங்கள் இன்னும் சரிவரவில்லை, பொலிஸ் வந்தால் முதலில் கேட்பது தன்னைத்தான் என்றார். ஆத்திரப்படாமல், எனக்கு விளங்க வேண்டும் என்று சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். பிறகு உள்ளறைக்குள் போய்விட்டார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

கடலுக்கு அன்று போகவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனோம். மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தார். மூவரிலும் அந்தப் பயணத்தை அனுபவித்தது அவர் ஒருவர்தான். இவர் மணலில் ஜாக்கெட்டுடன் இருந்தார். பசிக்குதா என்றால் இல்லை, போவோமா என்றால் ஓம். ஆசைப்பட்டு வந்த இடத்தில் பேயறைந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஊரின் எந்தக் கோபுரத்தை ரசிப்பது? ஹோட்டலுக்குள் வரும்போதெல்லாம் அந்த மனிதர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார். இவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், முடியாமல் படியேறுவார்.

கடைசிநாள் காலையில் நான் பெட்டி அடுக்கும்போது, இவர் ஹோட்டல் கடுதாசி ஒன்றை நீட்டினார்.

"இங்கிலீசு சரியோ எண்டு பாரும்."

ஒரு பக்கக் கடிதம். அந்த மனிதருக்கு எழுதியிருந்தார். மொஸ்கோவில் ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு ஹோட்டல் மேசையில் கொடுத்ததாகவும், பின்னேரம் தருவார்கள் என்று சொல்லிப்போனவன் திரும்பவே இல்லை, பாஸ்போர்ட்டும் கிடைக்கவில்லை என்றும் இருந்தது. அந்த ஹோட்டலில் ஒரே அறைக்குள் ஏழு பேராக ஐந்து மாதம், ஜன்னல் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் கிடந்து, வைத்தியரைக் கூப்பிடப் பயந்து, அங்கேயே இறந்துபோனார். தான் செய்தது பிழை என்று கடைசியில் இரண்டு தரம் எழுதியிருந்தார்.

கட்டில் ஓரத்தில் இருந்து அதை வாசித்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

கீழே போனால் அன்று அந்த மனிதருக்கு லீவு. வேறொரு பெண் நின்றார். கடிதத்தை அவரிடம் கொடுத்தோம். அது போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தன.

"பதினொரு வருசம். எனக்குச் சொல்லாததை ஒரு ஹோட்டல்காரனுக்கு எழுதுறீங்கள்!"

முன் சீற்றிலிருந்து மச்சாள் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும், பிள்ளை. தம்பி அப்பவே எனக்குக் கடிதம் போட்டவன்."

நான் இவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நீர் கேக்கேல்லை."